நாட்டுக் கடனைப் பதினோரு வருடத்தில் அடைக்கும் முறை

இந்த நாட்டின் மொத்தக் கடனையும் பதினோரே வருடத்தில் அடைத்துவிடக்கூடிய மனிதர் ஒருவர் இருக்கிறார். மூன்றாவது மாடியில், படியேறியதும் இடதுபக்க வீட்டில், பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. கேட்டிருந்தால் பத்து வருடத்திலேயே முடித்திருப்பார். கேட்காத கோபத்தில் ஒரு வருடம் கூட்டி வைத்திருக்கிறார்.

அவருடைய மனைவி இதை இருபத்து மூன்று வருடமாக நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்று, ஊரார் மூக்கையும் காதையும் அளந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இன்னொருவர் வாயையும் அளந்துகொண்டிருக்கத் தெம்பில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

குடியிருப்பில் அவருக்குக் கஜானா என்று பெயர். குடிநீர் வாரியத்தில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். பட்டப்பெயர் தன் காதுக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை. கடைசியில் ஊர் தன்னைப் புரிந்துகொண்டது என்று நினைத்துக்கொண்டார்.

கடன் எப்படி வந்தது என்பதில் கஜானாவுக்குத் துளி சந்தேகம் கிடையாது. கொடுத்துக் கொடுத்து வந்தது. வயதானவனுக்கு ஒன்று, கால் நடக்காதவனுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, பெறாதவளுக்கு ஒன்று. படிவத்தை நிரப்பிக்கொண்டு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் மொத்தமாக மனு கோஷ்டி என்று பெயர் வைத்திருந்தார். கோஷ்டியின் தலைவர், அவர் கணக்கில், கீழ் வீட்டுத் தையல்காரர். தையல்காரரின் மகளுக்கு அரசாங்கம் காது கேட்கும் கருவி கொடுத்திருந்தது.

"அந்தப் பொண்ணு காதுல மாட்டியிருக்கறது என்னன்னு தெரியுமாய்யா? என்னோட வரிப்பணம்," என்றார் கஜானா ஒருநாள், படிக்கட்டில் நின்றுகொண்டு.

"தெரியும் சார். அதனாலதான் நீங்க மூணாவது மாடியில பேசறது கீழ்வரைக்கும் அவளுக்கு நல்லாக் கேக்குது," என்றார் தையல்காரர், வாயில் இருந்த ஊசியை எடுக்காமலே.

கஜானா போகிற இடமெல்லாம் கடனும் கூடவே போகும். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனார்கள். கஜானா தொட்டிலை எட்டிப் பார்த்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். "பொறந்து மூணு நாள் ஆகல. அதுக்குள்ள பாப்பா பேர்ல ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கற அளவுக்குக் கடன் ஏறிருச்சும்மா. தலைக்கு இவ்வளவுன்னு போன மாசம்தான் கணக்கு வந்துது," என்றார். பெற்றவள் அழுதேவிட்டாள். நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றாள். அப்போதுதான் பார்வையாளர் நேரம் ஆரம்பமாகி நாலு நிமிடம் ஆகியிருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் கஜானா, "உண்மையைச் சொன்னா ஏன் எல்லாருக்கும் கசக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வீடு அவள் பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் சலுகை என்று கஜானாதான் அப்படி எழுதிவைத்தார். அது மனுவில் சேராது என்பது அவர் கருத்து. அது திட்டமிடல்.

போன வருடம் அவளுடைய அப்பா இறந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா எப்போதோ போய்விட்டாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்த அக்காதான் பதினெட்டு வருடம் அப்பாவுக்கு மருந்து கொடுத்து, முதுகு துடைத்து, கடைசியில் அவர் கண்ணையும் மூடிவிட்டவள். அப்பாவின் பென்ஷனில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா போன எட்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கஜானா திடீரென்று கேட்டார்:

"உங்கப்பா பென்ஷன் இனிமே யாருக்குப் போகும்?"

"அக்காவுக்கு. கல்யாணமாகாத பொண்ணுக்கு உண்டாமே."

"உண்டு. சரி. உனக்கு?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் புருஷன் இருக்காரே."

"அங்கதான் இடிக்குது," என்றார் கஜானா.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, இடது கையால் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பென்ஷன் விதிகள். கல்யாணமாகாத மகள், விதவையான மகள், விவாகரத்தான மகள். மூன்றாவதற்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடு அளவுகோல் வைத்துப் போட்டது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"நம்மளை விவாகரத்து பண்ணிக்கச் சொல்றீங்களா?"

"காயிதத்துல. வெறும் காயிதத்துல. யாரு வீட்டைவிட்டுப் போகச் சொன்னா? நான் இங்கதான் இருப்பேன், நீ இங்கதான் இருப்ப, சாப்பாடு இதே நேரத்துக்கு."

"இப்படிப் பண்றவங்களைத்தானே நீங்க நாட்டை அரிக்கிற கரையான்னு சொல்லுவீங்க?"

"அவங்க அதை எடுத்துச் செலவு பண்ணுவாங்க. நாம பண்ணமாட்டோம். இந்தா பாரு, அரசாங்கத்துகிட்ட இருந்தா அந்தப் பணம் வீணாத்தான் போகும். நம்மகிட்ட வந்தா சேமிப்பு. எல்லா வீட்டுலயும் சேமிப்பு ஏறினா நாட்டுக் கடன் இறங்கும். பொருளாதாரம் உனக்குப் புரியாது."

"அடுத்தவங்க கேட்டா மனு. நாம கேட்டா?"

"உரிமை," என்றார், பல்லில் சிக்கியதை நாக்கால் தேடிக்கொண்டே.

இரண்டு மாதம் இதே பேச்சு. காலையில் பல் விளக்கும்போது, மாலையில் செருப்பைக் கழற்றும்போது. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே பையனுக்குப் போன் போட்டு, அவனையும் பேசவைத்தார். "அப்பா விடமாட்டாரும்மா. பேப்பர்தானே," என்றான் அவன். கடைசியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்காவுக்கு வர்றது குறையுமா?"

"சேச்சே! அவளுக்குத் தனி, உனக்குத் தனி. அரசாங்கத்துக்கு என்ன, அச்சடிக்கிற நோட்டுதானே."

அச்சடிக்கிற நோட்டைப் பற்றி இருபத்து மூன்று வருடம் நெஞ்சு வெடிக்கக் கத்திய வாய். அவள் அந்த வாயையே பார்த்தாள். பிறகு தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கேஸ் சிலிண்டர் வாங்கிக்கொண்டதற்குப் போடுவதுபோல் சாதாரணமாக விழுந்தது கையெழுத்து. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

விவாகரத்து மனுவில் கஜானாவின் விலாசம் என்று பக்கத்து ஊர் தம்பி வீட்டைப் போட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வீடு திரும்பினார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "நீ இங்க இறங்கி நடந்து வா. யாராவது பாத்தா நல்லாருக்காது," என்றார். இருபத்து மூன்று வருடம் வாழ்ந்தவள் தன்னந்தனியாக முந்நூறு அடி நடந்து வந்தாள். அவள் படியேறும்போது அவர் உள்ளேயிருந்து, "மோர் இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கே பென்ஷன் ஆபீசுக்கான மனுவும் அவள் பெயரில் தபாலில் போனது.

அக்காவின் போன் ஒன்றரை மாதம் கழித்துக் கடைக்கு வந்தது. அவள் அப்போது ஒரு கண்ணாடியின் காதுப்பிடியைச் சூட்டுக்காற்றில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீசுலேர்ந்து கடிதாசு வந்திருக்குடி. அப்பா பென்ஷன்ல எனக்கு இனிமே பாதிதானாம். இன்னொரு வாரிசு இருக்காம். உன் பேரு போட்டிருக்கு."

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"விவாகரத்தான மகள்னு போட்டிருக்கு. என்னடி ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்? ஒரு வார்த்தை சொல்லலியே எங்கிட்ட. அடிச்சாரா? நான் என்ன செத்தா போயிட்டேன்? கிளம்பி இங்க வந்துரு. பாதிப் பணத்துல ஒருத்தி இருக்கறதுக்கு, முழுப் பணத்துல ரெண்டு பேரு இருந்துட்டுப் போவோம்."

"அக்கா, உன் சுகர் மருந்து, வாடகை எல்லாம்..."

"அது கெடக்கு. வாடகை குறைச்சலா ஒரு இடம் பாத்துட்டா போச்சு. நீ சாப்பிட்டியா?"

சூட்டுக்காற்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. காதுப்பிடி மெழுகுபோல் வழிந்து, கூன் விழுந்து, எந்தக் காதுக்கும் உதவாத ஒன்றாக அவள் கையில் நின்றது. முதலாளி அதற்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கஜானா மறைக்கவே இல்லை.

"சமபங்குன்னு விதியிலயே இருக்கே. தகுதியுள்ள மகள்கள் எத்தனை பேரோ, அத்தனை பங்கு."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம மனு போடுவேனா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?" இதை அவர் சமாளிப்பாகச் சொல்லவில்லை. கூட்டல் தப்பிய குமாஸ்தாவுக்கு விளக்குவதுபோல் சொன்னார். "உங்கக்கா ஒண்டிக்கட்டை. அவளுக்கு என்ன பெரிய செலவு? ஒரு ஆளுக்கு முழுப் பென்ஷன்ங்கறதே ஊதாரித்தனம். நியாயமாப் பாத்தா நாம அரசாங்கத்துக்கு..."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் மென்றுகொண்டிருந்தார். தாடை மேலே போனது, கீழே வந்தது. காதோரத்தில் ஒரு நரம்பு கூடவே ஏறி இறங்கியது. இத்தனை வருடம் இதற்கு எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டோம் என்று ஆச்சரியமாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள். துண்டில் அவருடைய எண்ணெய் வாசனை அடித்தது. துண்டையும் துவைக்கப் போட்டாள்.

ஆபீசுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்கு முன் போனில் அக்காவை அந்த ஆபீஸ் கடிதத்தைக் கடைசி வரிவரை படிக்கச் சொன்னாள். பொய்க் கோரிக்கை என்று தெரியவந்தால், விசாரணை முடியும்வரை அந்தக் குடும்பத்தின் பென்ஷன் முழுவதும் நிறுத்திவைக்கப்படும். அதாவது அக்காவுக்கு அந்தப் பாதியும் கிடையாது.

மனு கோஷ்டியின் தலைவரிடமே போய், நடந்ததைச் சொல்லிக் கேட்டாள்.

"விசாரணைன்னு போனா எத்தனை நாள் ஆகும்?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "எங்க மாமா ஒருத்தருக்கு ஆறு வருஷம் ஆச்சும்மா. தீர்ப்பு அவருக்குச் சாதகமாத்தான் வந்துது. அவருதான் வரமுடியல, போய்ச் சேர்ந்துட்டாரு." கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யோசித்தார். "உண்மையும் சொல்லக்கூடாது, பணமும் வேணாம். அப்படித்தானே? பங்கு பிரியறதுக்கு முன்னாடி, நீங்க தனியாத்தான் இருக்கீங்களான்னு சரிபார்க்க ஆபீசுலேர்ந்து ஒரு ஆள் வருவாரு. அவர்கிட்ட உரிமை விடுப்புன்னு ஒரு படிவம் இருக்கும். என் பங்கு வேணாம், மத்தவங்களுக்கே போகட்டும்னு எழுதிக் குடுக்கறது. அவர் முன்னாடிதான் போடணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதா எனக்குத் தெரியல. பையில அடியில கெடக்கும், விடாம தேடச் சொல்லுங்க."

பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "அங்கிள் ஒத்துக்குவாரா?" என்றாள். அவளுக்கு எல்லாம் கேட்கிறது என்பது உண்மைதான்.

சரிபார்க்கும் ஆள் வருகிற தேதிக்குக் கஜானா ராணுவம்போல் ஏற்பாடு செய்தார். மொட்டைமாடியில் ஏற்கெனவே ஒரு சின்ன அறையைச் சொற்ப வாடகைக்கு எடுத்து, இருபது வருட பட்ஜெட் அறிக்கைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். வீட்டுக்குள் அவற்றை மனைவி விடவில்லை. தன் சட்டை, சவரப் பெட்டி, செருப்பு, பல்செட் வைக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் முதல்நாளே அங்கே ஏற்றினார். காலை ஒன்பதுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் குளியலறை விளக்கை அணைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

வேறு எவராக இருந்தாலும் போனால் போகட்டும் என்று பேருந்து ஏறியிருப்பார்கள். கஜானாவால் முடியவில்லை. ஒரு விளக்கு ஒரு பகல் முழுவதும் எரிந்தால் நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தோள்பையோடு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சார் இந்தக் கட்டடமா?"

கதவுக்குப் பின்னால் நின்ற அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆ... மாடியில. மொட்டைமாடி ரூம்."

"நல்லதாப் போச்சு. பென்ஷன் ஆபீஸ் சார். மேல இடதுபக்கம் இருக்கற அம்மா தனியா இருக்காங்களா? வீட்டுக்காரர் வர்றது போறது உண்டா?"

"இல்ல. யாரும் வர்றதில்ல."

அதோடு அவர் மேலே போயிருக்கலாம். ஆனால் அந்த ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்ன சார் பண்றது, பத்துக்கு நாலு பேரு பொய் சொல்றாங்க," என்றுவிட்டார்.

அவ்வளவுதான். கஜானா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கரையான் வந்தது, தலைக்கு இவ்வளவு கடன் வந்தது, பதினோரு வருடத் திட்டம் முதல் வருடத்திலிருந்து வரிசையாக வந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் தன் வேலையைப் பற்றி ஒருவர் அக்கறையாகப் பேசி அந்த மனிதர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. "ஆஹா, ஆஹா" என்று குறிப்பெடுத்துக்கொண்டார்.

"சார் மாதிரி ஆளு பக்கத்துல இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல. ஆமா, இந்தம்மா வீட்டுக்காரர் எப்படி?"

"யாரு?"

"அவரைத்தான் சார். குடியா?"

"சேச்சே, குடியெல்லாம் இல்ல."

"வெளித் தொடர்பா?"

"யோவ், அதெல்லாம் இல்லய்யா!"

"பின்ன ஏன் சார் பிரிஞ்சாங்க?"

அவள் காதைக் கதவோடு ஒட்டினாள். பணத்துக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

"சுயநலக்காரன் சார்," என்றார் கஜானா கடைசியில். "பொறுப்பில்லாத ஆளு. அந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடு இந்தக் கதியில கெடக்கு."

இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் அவர் சொன்னதை முழுமனதோடு ஒத்துக்கொண்டாள்.

அண்டைவீட்டார் வாக்குமூலம் என்ற தாளில் கஜானா கையெழுத்துப் போட்டார். வவுச்சர்களில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கையெழுத்து அது. எந்த எழுத்தும் அதில் மிச்சமில்லை. பிறகு அந்த ஆள் விடாமல், "நீங்களும் வாங்க சார், சீக்கிரம் முடிஞ்சுரும்," என்று அவரையும் இழுத்துக்கொண்டு மேலே வந்து கதவைத் தட்டினார்.

அவள் திறந்தாள்.

"இவர் உங்க மாடி ரூம்காரராம். ரொம்ப நல்ல மனுஷர்."

"பாத்திருக்கேன்," என்றாள். "உரிமை விடுப்புப் படிவம் இருக்கா சார் உங்ககிட்ட?"

அந்த ஆள் விழித்தார். "வாங்கறதுக்குப் படிவம் இருக்கும்மா. வேணாம்னு சொல்றதுக்கா?"

"பையில அடியில பாருங்க."

பார்த்தார். இருந்தது. ஓரம் பழுப்பேறி, யாருடைய சாப்பாட்டு எண்ணெயோ பட்டு இருந்தது. கஜானாவின் முகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது.

"அம்மா," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு மரியாதை கொடுக்க வேண்டி வந்ததால் அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அம்மா, நீங்க அவசரப்படாதீங்க. இது உங்க உரிமை. யோசிச்சுப் பண்ணுங்கம்மா."

"யோசிச்சுட்டேன் சார். ஏற்கெனவே நாட்டுல கடன் ரொம்ப இருக்காம். நீங்கதானே இப்ப படியில சொல்லிட்டிருந்தீங்க?"

"ஆமா சார், நீங்கதான் சொன்னீங்க," என்றார் அந்த ஆள், நெகிழ்ந்துபோய். "உங்க பேச்சு உடனே வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா! எல்லாம் அவங்க அக்காவுக்கே போயிரும். ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். நீங்களே போட்டுருங்க."

கஜானா போட்டார். வேறு வழியில்லை. பேனாவை எடுத்தால் அண்டைவீட்டார், எடுக்காவிட்டால் குற்றவாளி. அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்தது.

"வாங்க சார், உங்க ரூம்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பறேன்," என்று அந்த ஆள் அவரைத் தோளில் தட்டி மேலே கூட்டிக்கொண்டு போனார். அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "பாதியெல்லாம் இல்லக்கா, முழுசும் உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை நீ இங்க வந்துரு, இங்க இடம் இருக்கு," என்றாள்.

கஜானா மதியம் இரண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கதவைத் தட்டினார். மூன்றாவது தடவை, "பக்கத்து வீட்டுக்காரங்க இப்படி அடிக்கடி தட்டினா நல்லாருக்காது சார்," என்று உள்ளேயிருந்தே சொன்னாள். கீழே எங்கோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இருட்டுவதற்கு முன் அவருடைய தலையணையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மாத்திரை விஷயத்தில் அவளுக்குப் பகை கிடையாது. அறைக் கதவு திறந்திருந்தது. பட்ஜெட் கட்டுகளை மெத்தைபோல் பரப்பி அதன்மேல் கஜானா உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, அட்டையின்மேல் ஒரு தாள். சரிபார்க்கும் ஆள் போகும்போது அன்போடு கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கவேண்டும். தலைப்பு வாசல்வரை தெரிந்தது: தனியாக வாழும் ஐம்பத்தைந்து வயது கடந்தோருக்கான மாதாந்திர உதவித்தொகை, விண்ணப்பம்.

அவர் அதை மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

"எந்தத் தேதியிலேர்ந்து தனியா இருக்கீங்கன்னு கேட்டிருக்கான்," என்றார், தலையைத் தூக்காமல், மெல்லிய குரலில். "கோர்ட்டுத் தேதி போடறதா, இன்னிக்குத் தேதி போடறதா?"

"இன்னிக்குத் தேதியே போடுங்க சார்," என்று சொல்லி, தலையணையை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அவர் கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டு, கட்டத்துக்கு வெளியே ஒரு கோடுகூடப் போகாமல், தேதியை எழுதினார்.